ஒரு சுத்து போதுங்க

படத்தைத் தலைகீழாக மேசையில் வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, கிருபா பேனா முனையைத் தன் கட்டைவிரல் நகத்தில் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார். நகத்தில் கறுப்புப் புள்ளி விழுந்தால் பேனா நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் அந்த நகம் முழுக்கக் கறுத்துவிடும். "நேரா வெச்சுப் பாத்தா அது பூவா எலையான்னுதானுங்க கண்ணு தேடும். கவுத்து வெச்சாத்தான் எங்க பசிக்குதுன்னு தெரியும்" என்கிறார். படத்துக்குப் பசிக்குமா என்று கேட்டேன். "பின்ன, வெறும் எடம் பூரா வாயத் தொறந்துட்டு இருக்குதே, தெரிலீங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

காந்திபுரத்தில் டவுன் பஸ்கள் திரும்பும் இடத்துக்குப் பின்னால், ஒரு சேலைக் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவே, ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலத்தில் இருக்கிறது அந்தப் பிரேம் கடை. முதலாளி தனபால் வாசலில் உட்கார்ந்து கண்ணாடி அறுப்பார், சட்டம் அடிப்பார். உள்ளே டியூப்லைட்டுக்கு நேர் கீழே கிருபாவின் மேசை. அட்டை வெட்டுவது, படத்தைப் பொருத்துவது, பின்பக்கம் காக்கித் தாள் போர்த்துவது இவ்வளவுதான் அந்தம்மாவுக்கு வேலை என்று தனபால் சொல்வார். கிருபாவும் அதையே சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் பொய்.

அந்தப் பொய்யில் நான் மாட்டியது என் அக்கா மகள் நவ்யாவால். சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். மனசு லேசாவதற்காக அங்கே வாரம் ஒரு மணி நேரம் மண்டலா வரையச் சொல்லித் தருகிறார்களாம். வட்டத்துக்குள் வட்டம், இதழுக்குள் இதழ் என்று போனவள், மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று பாதியில் எழுந்திருக்கிறாள். அதற்குச் சட்டம் போடத்தான் இந்தக் கடைக்கு வந்தேன். கிருபா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "முடிச்சுப்போடலாங்களா?" என்றார். சட்டத்தைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். வாங்கப் போனபோது படத்தில் விரல் வைக்க இடமில்லை. ஒவ்வொரு இதழுக்குள்ளும் நரம்பு ஓடியது, இதழ் நுனியில் சொட்டு நின்றது, வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வரிசை கட்டி நின்றன. நவ்யா ஐந்து நிமிஷம் கோபப்பட்டாள். ஆறாவது நிமிஷம் அதையே தன் வாட்ஸ்அப் முகப்பில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் எனக்குச் சட்டம் போட ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டே இருந்தேன்.

அரைகுறை வட்டங்கள் கோயமுத்தூரில் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கல்லூரிப் பெண்கள், பேங்க்காரர்கள், பிள்ளைப்பேறு லீவில் இருக்கிறவர்கள் என்று யார் யாரோ சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். வட்டம் மட்டுமில்லை, கட்டம் கட்டமாக, அலை அலையாக, இன்னதென்று பெயர் சொல்ல முடியாத கோலங்களும் வரும். நான் கோலம் என்று சொன்னதைக் கேட்டதும் கிருபா குரலைத் தாழ்த்தினார். "அவங்க முன்னால அப்பிடிச் சொல்லிப்போடாதீங்க சார். மூஞ்சி சுருங்கிப்போகுது." வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் சொல்வது ஒரே வாக்கியம்தான். "என்னமோ கொறையுதுங்க, என்னன்னுதான் தெரியல." கிருபாவுக்கு என்னவென்று தெரியும்.

சேர்ப்பதற்கு அவரிடம் தனிக் கணக்கு உண்டு, பெயர்களும் உண்டு. ஒரு கோட்டை ஒட்டாமல் பக்கத்திலேயே இன்னொரு கோடு கூட வந்தால் அது வரப்பு. இரண்டு கோடு கூடுகிற மூலையை மையால் அடைத்து வளைத்துவிட்டால் மெழுகுவது. கறுப்புப் புள்ளி கடுகு. உள்ளே வெள்ளை விட்ட புள்ளி உளுந்து. கறுப்பு அடிக்கும்போது நடுவில் ஒரு நூல் அகலம் விட்டுவிட்டால் அந்த இடம் வெயில் பட்ட மாதிரி பளிச்சென்று தெரியும், அது மினுக்கு. பென்சிலால் ஓரத்தைத் தீட்டித் துணி சுற்றிய விரலால் தேய்த்தால் படுத்துக் கிடந்த இதழ் மேலே வரும். "நெழல் குடுத்தாத் தானா எந்திரிச்சு உக்காந்துக்குமுங்க" என்கிறார். வகுப்பில் இதற்கெல்லாம் இங்கிலீஷில் பெயர் சொல்லித் தருகிறார்கள் என்று நவ்யா சொன்னதை அவரிடம் சொன்னேன். "இருக்கட்டுமுங்க, அதுக்கும் ஒரு பேர் வேண்டாமா" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

இவ்வளவு தெரிந்தவர் தனியாக ஏன் ஒன்று போடுவதில்லை என்று எனக்குத் தோன்றாமல் இருக்குமா. ஒருநாள் நல்ல தடித் தாளாக ஒன்றை வாங்கிப்போய் மேசையில் வைத்து, உங்கள் இஷ்டத்துக்கு வரையுங்கள் என்றேன். அதைத் திருப்பினார், கவிழ்த்தார், ஒரு கண்ணை மூடினார். பேனா நகத்தைத் தொட்டது, தாளைத் தொடவில்லை. கடைசியில் நாலு ஓரத்திலும் அழகாகக் கொடி ஓட்டி, மூலைக்கு ஒரு மொட்டு வைத்துத் திருப்பித் தந்தார். நடு வெள்ளையாகவே இருந்தது. "வெறுந்தாளக் கண்டா எனக்குக் கை ஓடாதுங்க சார். யாராச்சும் ஆரம்பிச்சு வெச்சிருக்கோணும்." பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானாம். வகுப்பில் அத்தனை பேருடைய ரெக்கார்டு நோட்டுக்கும் முதல் பக்கத்தில் பூ பார்டர் போட்டுக் கொடுத்தவர் இவர். இவருடைய நோட்டில் பார்டர் இருந்ததா என்று கேட்டால் சிரிக்கிறார். அந்தக் கொடி போட்ட தாள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. நடுவில் என்ன வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

கிருபாவுக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. வீடு கணபதிப் பக்கம், கணவர் ரூபன் அங்கேயே ஒரு லேத் பட்டறையில் இருக்கிறார். பிறந்தது புளியம்பட்டிப் பக்கம். அம்மா தோட்டங்களில் களை எடுத்து, மஞ்சள் வெட்டி இவரைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தவர். "எங்கூட்ல கோலமெல்லாம் இல்லீங்க. கிறிஸ்மஸ்னா வாசல்ல ஒரு நட்சத்திரம் போடுவோம், அதையும் எங்கக்காதான் போடுவா. நான் அதுக்குக் கலர் அடிப்பேன்." அப்போதிருந்தே சேர்க்கிற ஆள்தான்.

"அந்தப் புள்ளைக்கு நிறுத்தத் தெரியாதுங்க" என்பது தனபாலின் புகார். சட்டத்துக்குள் நிற்கவேண்டிய படம் சட்டத்தையும் தாண்டி ஓடிவிடும் என்கிறார். ஒருமுறை மரச் சட்டத்தின்மேலேயே கடுகு வைத்துவிட்டாராம். தனபால் சொல்வதன் உண்மை எனக்கு மத்தியானச் சாப்பாட்டில் தெரிந்தது. கிருபா தன் டிபன் டப்பாவைத் திறந்து, மூடியில் எனக்குத் தக்காளிச் சாதம் போட்டார். போதுங்க என்றேன். இன்னொரு கரண்டி விழுந்தது. நிஜமாகப் போதுங்க என்றேன். அதற்கு மேல் ஒரு அப்பளம் வந்து உட்கார்ந்தது.

எங்கள் பக்கத்தில் போதுங்க என்றால் போதும் என்று அர்த்தமில்லை. வீட்டுக்கு விருந்தாக வந்த ஒறம்பரை இலையில் உட்கார்ந்து முதல் போதுங்க சொல்வது மரியாதைக்கு. இரண்டாவது போதுங்க கூச்சத்தில். அதை நம்பிப் பரிமாறுகிறவர் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால், அந்த வீட்டைப் பற்றி ஊருக்குள் பத்து வருஷம் பேசுவார்கள். இலைமேல் கையைக் குறுக்கே விரித்தால்தான் வயிறு நிறைந்தது என்று கணக்கு. கிருபா பரிமாறுவதும் வரைவதும் ஒரே கையால்தான். யாராவது வெட்கப்பட்டுக் குறைத்துக் கேட்டால், அவர்கள் மனதில் இருப்பதைப் புரிந்துகொண்டு கூடச் செய்வது தன் கடமை என்று அவர் நம்புகிறார்.

முந்தின வாரம் வந்த ஒரு படத்தைப் பற்றி அன்றைக்கு அவருக்கு ஒரே பெருமை. சத்தியமங்கலத்திலிருந்து ஒரு பெரியவர் கொண்டுவந்தாராம். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மேலே முறுக்கிய மீசை, பேர் அங்கப்பன். சொந்தத் தோட்டங்காடு வைத்திருக்கிறவர் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். "என்ற மருமவ கீதா போட்டதுங்க" என்று மேசையில் வைத்திருக்கிறார். வெறும் பால்பாயிண்ட் பேனாவில் போட்ட வட்டங்கள், சுற்றி இதழ்கள். கோடெல்லாம் நடுங்கி நடுங்கிக் கிடந்ததாம். "வெளிய ஒரு சுத்து போதுங்க அம்மணி, உள்ள ஒண்ணும் வேண்டாம்" என்றிருக்கிறார்.

"மருமவ புதுசாப் பழகுறா போலிருக்குது, அதச் சொல்ல அவருக்குக் கூச்சம்" என்றார் கிருபா. "ஒரு சுத்து போதும்னா அப்பிடியே உட்டுர முடியுங்களா?" உள்ளே என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டிருக்கலாமே என்றேன். "அந்த மாதிரி மீசையக் கண்டா எனக்குத் திருப்பிக் கேள்வி கேக்க வராதுங்க சார். எங்கம்மா காலத்துப் பழக்கம்" என்று சிரித்தார்.

சட்டம் போட்டுத் தயாராக இருந்த படத்தைக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கை பட்டதில் அதுதான் ஆக நல்ல படம். நடுங்கிய இடத்திலெல்லாம் கோட்டைத் தடிப்பாக்கி, நடுக்கத்தையே இலை விளிம்பாக மாற்றியிருந்தார். உள்வட்டங்கள் காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் நின்றன. வெளியே கேட்ட ஒரு சுற்றுக்குப் பதிலாக வரப்பு, கடுகு, சொட்டு என்று சுற்றுக்கு மேல் சுற்று. ரொம்ப அழகாக இருக்கிறது என்று நானும் சொன்னேன்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கப்பன் வந்துவிட்டார். சத்தியிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்திருந்தார். கொஞ்சம் மூச்சு வாங்கியது. துண்டு வலது தோளிலிருந்து கீழே தொங்கி அந்தக் கையை முழுக்க மூடியிருந்தது. கிருபா படத்தை எடுத்து நீட்ட, அவர் இடது கையை நீட்டினார். "எடது கைல வாங்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி." கிருபா அப்போதுதான் துண்டைப் பார்த்தார்.

அங்கப்பன் படத்தை மேசையில் சாய்த்து வைத்துப் பார்த்தார். "நெம்ப நல்லாருக்குதுங்க" என்றார். முகத்தில் மட்டும் ஒன்றையும் காணோம். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"உள்ள ஒரு வட்டம் இருந்துச்சுங்களே."

"இதுதானுங்கய்யா அது. கோடு கொஞ்சம் நடுங்கியிருந்துச்சு, நேர் பண்ணிப்போட்டேன்."

"ஓ. சரிங்க." இடது சுட்டுவிரலைக் கண்ணாடிமேல் வைத்து அந்த வட்டத்தைச் சுற்றி வந்தார். முடிந்ததும் மறுபடி சுற்றினார். "எங்க கூடுச்சுன்னு தெரியலீங்க."

"என்னதுங்க கூடுச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, போயிட்டு வாரனுங்க." படத்தை இடுக்கிக்கொண்டு திரும்பினார். வாசலில் தனபால் கண்ணாடி அறுப்பதை நிறுத்தியிருந்தார். திருப்பிக் கேள்வி கேட்க வராது என்று சொன்ன கிருபா, மேசையைச் சுற்றி வந்து அவர் வழியில் நின்றார்.

"ஐயா, இது ஆரு போட்டதுங்க?"

அங்கப்பன் கடைக்குள் எங்கள் எல்லாரையும் ஒருதரம் பார்த்தார். "நாந்தானுங்க" என்றார்.

பிறகு நின்றபடியே சொன்னார். போன தை மாதம் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. கால் வந்துவிட்டது, கை வரவில்லை. பயிற்சி கொடுக்கிற பெண் தாளும் பேனாவும் தந்து வட்டம் போடச் சொன்னாள். "ஆரம்பிச்ச எடத்துக்கு வந்து சேரவே மாட்டேங்குதுங்க. ஒண்ணு மேல போகுது, இல்லீன்னா கீழ போகுது. ரெண்டு முனையும் கூடுச்சுன்னா சோறு நீங்களே பெசஞ்சு சாப்பிடலாம்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. இதுலதானுங்க மொதமொதல்ல கூடுச்சு." சத்தியில் பிரேம் கடை இல்லாமலா இருக்கிறது? அங்கே எல்லாருக்கும் அவரைத் தெரியும். மீசையை வைத்துக்கொண்டு பூப் போடுகிறான் என்று சிரிப்பார்கள். அதனால்தான் இவ்வளவு தூரம், அதனால்தான் மருமகள். "பொய் சொன்னது என்ற தப்புங்க. நீங்க என்ன பண்ணுவீங்க."

"இல்லீங்கய்யா, ஒரு சுத்துன்னு சொன்னீங்க, நாந்தான்."

"நல்ல படமுங்க அம்மணி. சும்மா சொல்லலீங்க. ஆனா இப்ப இது உங்க படமாயிருச்சு."

அவர் குரலில் ஒரு குறை இல்லை, கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்சம் முன்னால் நான் அழகு அழகு என்று சொன்னது எனக்கே வாயில் கசந்தது. கிருபா முகம் சிறுத்துப்போய் நின்றார். பிறகு, "உக்காருங்கய்யா" என்று படத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

கவிழ்த்துப் போட்டுக் காக்கித் தாளைக் கிழித்தார். ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கையால் போட்ட படத்தை அவர் பசை வைத்து ஒட்டுவதில்லை, மேலே இரண்டு டேப் துண்டு மட்டும்தான். அதை உரித்துத் தாளை வெளியே எடுத்தார். பிளேடு முனையால் உள்வட்டத்தின் ஓரிடத்தை மெல்லச் சுரண்டிப் பார்த்தார். மை போகவில்லை, தாளில் பஞ்சு கிளம்பியது. அவருடைய கறுப்பு மை அழியாமல் இருப்பதற்கென்றே விற்கிற மை. தண்ணீருக்கும் போகாது, வெயிலுக்கும் போகாது. இன்னொரு இடத்தில் சுரண்டினார். தனபால் எழுந்து வந்து, "உடு கண்ணு, ஓட்டையாயிரும்" என்றார்.

ஓட்டை விழுந்ததா என்று பார்க்கத்தான் கிருபா தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறும் வெள்ளை. சுரண்டிய இடத்தை விரலால் தடவியவர் அப்படியே நின்றார். விரல் நகர்ந்தது, திரும்பி வந்தது, மறுபடி நகர்ந்தது. தாளைத் தூக்கி டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தார். இந்தப் பக்கம் இருந்த எனக்கும் அப்போது தெரிந்தது.

அங்கப்பன் பேனாவை எழுதுகிற மாதிரிப் பிடிக்கவில்லை, விழாமல் இருக்க இறுக்கிப் பிடித்திருக்கிறார். பால்பாயிண்ட் முனை தாளை உழுதுவிட்டிருந்தது. முன்பக்கம் அமுங்கிய கோடெல்லாம் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது, மையில்லாமல், வெள்ளைமேல் வெள்ளையாக. ஒவ்வொரு இதழும் இருந்தது. ஒவ்வொரு நடுக்கமும் இருந்தது. கிருபாவின் மெல்லிய பேனா எவ்வளவு ஓடியும் தாளை அமுக்கவில்லை. வரப்பு இல்லை, கடுகு இல்லை, அவர் சேர்த்ததில் ஒரு புள்ளிகூட அந்தப் பக்கம் வரவில்லை.

தாளைப் பின்பக்கம் மேலே இருக்கும்படி அங்கப்பன் முன்னால் வைத்தார். "ஐயா, கையக் குடுங்க."

அங்கப்பன் இடது கையை நீட்டினார்.

"அதில்லீங்க. போட்ட கை."

அவர் துண்டை ஒதுக்கினார். இடது கையால் வலது மணிக்கட்டைத் தூக்கிக் கொண்டுவந்து தாளில் வைத்தார். விரல்கள் மடங்கி இருந்தன. சுட்டுவிரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, புடைப்பைத் தொட்டது. கிளம்பியது. ஒரு இடத்தில் கோட்டைவிட்டு நழுவித் தேடிக்கொண்டு திரும்பி வந்தது. விரலோடு தாளும் சேர்ந்து நகர, கிருபா மேசையில் கிடந்த பேனாவைத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் தாளைப் பிடித்தார். பேனா உருண்டு மேசைக்கு அடியில் போனது. விரல் வளைந்து வளைந்து போய், ஒரு சின்ன மேட்டில் ஏறி நின்றது. முனைமேல் முனை ஏறியிருந்த இடம்.

"இங்கதானுங்க" என்றார் அங்கப்பன்.

தனபால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் வெளியே தெரியும்படி அடிக்கட்டும் என்று கேட்டார். அந்த விரல் இன்னொரு சுற்றுக்குக் கிளம்பிவிட்டது. தாள் நகராதபடி கிருபா இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையை ஊன்றி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.